கண்ணாடி அறையும் ஒற்றை வெட்டு எஸ்.எஸ்.டி.யும்

"கறுப்பு" என்றார் நிபுணர்.

கடைக்காரப் பெண் திரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "சார், நான் கலர் கேக்கல. கம்ப்யூட்டர் உள்ள இருக்கற போர்டு என்ன மாடல்னு கேட்டேன்."

"அதான் சொல்றேனே. கறுப்பு போர்டு. ஓரத்துல சிவப்பா ஒரு கோடு போகும். பார்த்தாலே தெரியும், நல்ல கம்பெனி."

"சரி, விடுங்க. எஸ்.எஸ்.டி. எது வேணும்? சாட்டாவா, என்.வி.எம்.இ.யா?"

நிபுணர் புன்னகைத்தார். பதில் தெரியாத கேள்வி வரும்போதெல்லாம் புன்னகைப்பது அவர் வழக்கம். அலுவலகத்தில் பாதிப் பேர் அந்தப் புன்னகையை ஞானம் என்று நினைத்திருந்தார்கள். மீதிப் பேர் வயிற்றுக் கோளாறு என்று.

"ரெண்டுல எது நல்லது?"

"உங்க போர்டு எதை ஏத்துக்குதோ அதுதான் சார் நல்லது."

"நல்ல சரக்கா இருந்தா எங்க வெச்சாலும் ஏத்துக்கும்மா. எடுத்துப் போடு, பார்ப்போம்."

அவள் இரண்டு டப்பாக்களைத் திறந்து வைத்தாள். சூயிங்கம் பட்டை அளவில் இரண்டு மெல்லிய தகடுகள். ஒரு கணினியின் மொத்த ஞாபகமும் இதற்குள் அடங்கிவிடும் என்று சொன்னால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஒன்றின் முனையில் ஒரு வெட்டு. மற்றொன்றில் இரண்டு வெட்டு.

நிபுணர் கொள்முதல் பிரிவிலேயே தலை நரைத்தவர். வாங்குகிற பொருள் என்னவென்று தெரியாமலேயே வாங்குவது அந்தப் பிரிவின் தனித்திறமை. இரண்டைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள். எதில் எது அதிகமாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். நாற்காலி வாங்கியபோது கால் அதிகமாக இருந்ததை வாங்கினார்கள்.

"இதுல ஒரு வெட்டு. அதுல ரெண்டு. ரெண்டு வெட்டு இருக்கறதைக் குடும்மா."

"சார், ரெண்டு வெட்டு சாட்டா, வேற வகை. எதுக்கும் உங்க போர்டை ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்களேன்…"

"பேக் பண்ணும்மா" என்றார் நிபுணர்.

'நிபுணர்' என்பது அலுவலகம் வைத்த பெயர். குடிநீர் இயந்திரம் மக்கர் செய்தபோது ஆளை அழைக்கும்வரை பொறுக்காமல் அவரே திறந்து பார்த்தார். அதன் பிறகு புதிய இயந்திரம் வாங்கும் நல்ல காலம் அலுவலகத்துக்குப் பிறந்தது. வருகைப் பதிவுக் கருவியில் கைவைத்தார். அன்று முதல் அது எல்லா விரலையும் காவலாளியின் விரலாகவே பார்த்தது. இதையெல்லாம் ஒட்டி யாரோ சூட்டிய பட்டத்தை அவர் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். இப்போது வீட்டுக்குப் போன் செய்தால்கூட "நிபுணர் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஆகவே, முந்தின நாள் மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டு அந்த வேலையை ஒப்படைத்தபோது நிபுணருக்கு ஆச்சரியம் ஏதும் ஏற்படவில்லை. இத்தனை நாள் ஏன் கூப்பிடவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

"நம்ம பையன் கேம் ஆடற கம்ப்யூட்டர்யா. இடம் பத்தலையாம், வேகம் பத்தலையாம், புது எஸ்.எஸ்.டி. போடணுமாம். உயிரை வாங்கறான். நீங்க பார்க்கறீங்களா?"

"பத்து நிமிஷ வேலை சார்."

"அவசரமே வேணாம். உங்க வீட்டுக்கே அனுப்பிடறேன். என்ன வாங்கணும், எப்படி மாட்டணும், எல்லாம் உங்க இஷ்டம். அவன்கிட்ட எதுவும் கேக்காதீங்க, பேசியே தொல்லை பண்ணுவான்." மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, போகிற போக்கில் சொல்வதுபோல் சொன்னார். "அப்புறம், அந்தக் கண்ணாடி ரூம் காலியா இருக்கில்ல? உதவி மேலாளர் சீட்டு. இந்த வாரம் முடிவு பண்ணிடலாம்னு இருக்கேன்."

நிபுணரின் காது மடல் சூடாகியது.

கண்ணாடி அறை ஒன்றும் பெரிதல்ல. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நின்றபடிதான் பேச வேண்டும். ஆனால் அதற்குக் கதவு உண்டு. கதவில் பெயர்ப்பலகை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக ஏ.சி. ரிமோட் உள்ளே இருப்பவர் கையில் இருக்கும். பொதுக்கூடத்தில் அந்த ரிமோட்டைக் கணக்குப் பிரிவுக்காரர் தன் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, கோடையில் எல்லாரையும் வேகவைத்தார், குளிர்காலத்தில் நடுங்கவைத்தார். அந்தக் கணக்குப் பிரிவுக்காரருக்கும் இதே கண்ணாடி அறைமேல்தான் கண்.

மறுநாள் விடுமுறை; காலையிலேயே மேலாளரின் டிரைவர் கணினியைத் தூக்கிவந்து நிபுணர் வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல் இறக்கினார். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே நீலமும் ஊதாவுமாக விளக்குகள்.

"மீன் எங்க?" என்றாள் மனைவி.

"இது தொட்டி இல்லடி. கேமிங் கம்ப்யூட்டர்."

"சாப்பிடறதுக்கு முன்னாடி எடுத்துடுவீங்களா?"

"பத்து நிமிஷம்."

மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய்த் தரையில் வைத்தாள். அவருடைய பத்து நிமிஷங்களோடு குடும்பம் நடத்திப் பழகியவள்.

கண்ணாடி வழியே போர்டின் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போய் வந்து, கண்ணாடியைக் கழற்றியதும் போர்டில் தகடு சொருகும் பள்ளம் ஒன்று மேலே தெரிந்தது, ஒன்று கீழே. மேலே இருந்ததில் இரண்டு வெட்டுக்காரனை வைத்தார். அழகாக உட்கார்ந்தது. "பார்த்தியா?" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே அதைப் பிடித்து நிறுத்தும் கடுகளவு திருகாணியை எடுத்தார். அது விரலிலிருந்து நழுவி, உள்ளே எங்கோ டிங் என்று விழுந்தது.

டார்ச் அடித்தார். தெரியவில்லை. ஊதினார். வரவில்லை. கடைசியில் கணினியையே தலைகீழாகத் தூக்கிப் பிடித்து ஆட்டினார்.

"குழந்தை தூங்கிடுச்சா?" என்றாள் மனைவி.

திருகாணி விழுந்தது. கூடவே இன்னொரு திருகாணியும் விழுந்தது. ஒன்றைத் தேடியவருக்கு இரண்டு கிடைத்ததில் மகிழ்ச்சிதான். இரண்டாவது எதிலிருந்து வந்தது என்று அவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டார். விளக்குகள் எரிந்தன, பழைய டிரைவ் வந்தது, விண்டோஸ் வந்தது. புதியது மட்டும் வரவே இல்லை. கணினியைப் பொறுத்தவரை அப்படி ஒரு பொருள் பிறக்கவே இல்லை. கழற்றி மாட்டினார். அழுத்தி மாட்டினார். துடைத்து மாட்டினார். பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்த தகடு, கல்யாண வீட்டுக்கு வந்த தெரியாத விருந்தாளிபோல் யார் கண்ணிலும் படாமல் இருந்தது.

அப்போது மேலாளரின் போன் வந்தது.

"என்னய்யா, எப்படிப் போகுது?"

"ஒரு சின்ன சிக்கல் சார். வாங்கின பொருள்ல கோளாறு."

"பரவாயில்லய்யா" என்றார் மேலாளர் மெதுவாக.

நிபுணர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

மேலாளர் கத்தினால் யாரும் பயப்பட மாட்டார்கள். அவரிடம் தொண்டை கிழியத் திட்டு வாங்கிய பல பேர் இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார்கள். ஆனால் அவர் குரலைத் தாழ்த்தி "பரவாயில்லய்யா" என்று சொன்ன ஸ்டோர் கீப்பர், அந்த வாரமே தன் தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அதற்கு முன்னால் இருந்த ஸ்டோர் கீப்பரும் அப்படித்தான். அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் பொதுவாக அடுத்த சொல்லைக் கேட்க இருப்பதில்லை.

"உடனே சரி பண்ணிடறேன் சார்!"

"எதுக்குய்யா உடனே? மெதுவாப் பண்ணுங்க. எவ்வளவு நாள் ஆனாலும் சரி."

'எவ்வளவு நாள் ஆனாலும்' வேறு. நிபுணர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

"உங்க பொருள் வேலை செய்யலம்மா."

"போட்டோ கொண்டுவந்தீங்களா சார்?"

"போட்டோ எதுக்கு? ஒரு வெட்டு இருக்கறதைக் குடு. அதுதான் சரின்னு எனக்கு அப்பவே தோணுச்சு."

கடைக்காரப் பெண் பழையதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பார்வையிலேயே அபராதம் போட்டுவிட்டு, ஒரு வெட்டு உள்ளவற்றைப் பரப்பினாள். ஒன்று வெறுந்தகடு. இன்னொன்றின் முதுகில் சூடு தணிக்க உலோகக் கவசம், சீப்புப் பல் மாதிரி வரிவரியாக உயர்ந்து நின்றது. நிபுணர் இரண்டையும் ஒவ்வொரு கையில் வைத்து எடை பார்த்தார். கொள்முதல் விதி விழித்துக்கொண்டது.

"கனமா இருக்கறது."

"உள்ள இடம் இருக்கா சார்?"

"இடம் நாமதாம்மா பண்ணிக்கணும்."

இடம் இல்லை. மேல் பள்ளத்துக்கு நேர் மேலே கிராபிக்ஸ் கார்டு செங்கல்போலப் படுத்திருந்தது. கவசம் அதில் முட்டியது. சாய்த்துப் பார்த்தார், முட்டியது. கிராபிக்ஸ் கார்டைக் கொஞ்சம் நெம்பலாமா என்று யோசித்து ஸ்குரூ டிரைவரை எடுத்தபோது மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"அது யாரோ பெத்த பிள்ளையோட கம்ப்யூட்டருங்க."

"சரி, கீழ இன்னொரு பள்ளம் இருக்கே. அது எதுக்கு இருக்கு?"

கீழ்ப் பள்ளத்தில் கவசம் ராஜாபோல் உட்கார்ந்தது. எங்கும் முட்டவில்லை. நிபுணர் ஓரடி பின்னால் நகர்ந்து, இடுப்பில் கைவைத்து ரசித்தார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே வரி. எதைக்கொண்டு நான் துவங்குவது, எதுவுமே இல்லையே என்று கணினி கைவிரித்தது.

பழைய டிரைவ் மறைந்துவிட்டது. விண்டோஸ் இல்லை. பையன் ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த கேம்கள் இல்லை. வென்ற கோட்டைகள், வாங்கிய வாள்கள், ஏறிய படிநிலைகள், ஒன்றும் இல்லை. நிபுணர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, முகம் வெளுத்துப்போச்சு?"

"அழிச்சிட்டேன்டி."

"எதை?"

"என்னை."

சொல்லிவைத்தாற்போல் போன் அடித்தது. எடுக்காமல் இருக்கலாமா என்று பார்த்தார். மேலாளரின் அழைப்பை எடுக்காமல் இருக்கும் துணிச்சல் கண்ணாடி அறை கிடைத்த பிறகுதான் வரும்.

"என்னய்யா ஆச்சு?"

"கொஞ்சம்… இழுக்குது சார்."

"முன்னைக்கு இப்ப எப்படி?"

"முன்ன ஒண்ணுதான் வரல சார். இப்ப ரெண்டும் வரல."

 மறுமுனையில், இதுவரை அவர் கேட்டறியாத ஒரு தேன் குரல். "பரவாயில்லய்யா. பரவாயில்ல. இதுக்கெல்லாம் போய் மனசை அலட்டிக்காதீங்க. அப்படியே விட்டுட்டு வாங்க. நாளைக்கு ஆபீஸ்ல உங்க விஷயமா ஒரு முடிவு சொல்றேன்."

இரண்டு முறை 'பரவாயில்லை'. ஸ்டோர் கீப்பர்களுக்குக்கூட ஒன்றுதான் கிடைத்தது. அப்புறம் 'உங்க விஷயமா ஒரு முடிவு'. நிபுணர் போனை வைத்துவிட்டு, தன்னுடைய தேநீர்க் குவளை அலுவலகத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று யோசித்தார்.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தக் கடைப் பொண்ணுகிட்ட, எனக்குத் தெரியலம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"இதுவரைக்கும் நான் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்ல."

"தெரியும். கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துக்கு வழி தெரியும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னைலேருந்தே தெரியும்."

நிபுணர் போனை எடுத்து, முதல் முறையாக அந்தக் கறுப்பு போர்டைப் போட்டோ எடுத்தார்.

கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் போகும்வரை கீபோர்டுகளை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றார். கடைசி ஆளும் போனதும் மேசையருகே வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, குரலை இறக்கினார்.

"எனக்கு… அதாவது இந்த விஷயத்துல எனக்கு…"

"என்ன சார்?"

"தெரியாதும்மா."

வானம் இடிந்து விழவில்லை. கூரையில் மின்விசிறி அதுபாட்டுக்குச் சுற்றியது. கடைக்காரப் பெண், "போட்டோவைக் காட்டுங்க" என்று கையை நீட்டினாள். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வருஷம் புன்னகைத்துக்கொண்டிருந்தோம் என்று நிபுணருக்குச் சின்னதாக ஒரு வருத்தம்கூட வந்தது.

அவள் படத்தை விரலால் விரித்துப் பார்த்தாள். "கீழ்ப் பள்ளத்துல சொருகினீங்களா?"

"ஆமா."

"அதுல எதையாவது சொருகினா இந்த ரெண்டு சாட்டா கனெக்ஷனும் வேலை செய்யாது சார். இந்த போர்டோட அமைப்பே அப்படி. பழைய டிரைவ் வயரு அதுலதான் மாட்டியிருக்கு. அதான் காணோம்."

"அப்ப அழியலையா?"

"எப்படி சார் அழியும்? அது பாட்டுக்கு உள்ளதான் இருக்கு. வழிதான் அடைச்சிருக்கு."

நிபுணர் கடைக்காரப் பெண்ணையே தெய்வம்போல் பார்த்தார். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"கேளுங்க சார். ஒரு வெட்டு. கவசம் வேணாம், அந்தக் கவசக்காரனை அப்புறம் கொண்டுவந்து குடுங்க, இப்ப இந்த வெறுந்தகடு. மேல் பள்ளம். கீழ எதுவும் வேணாம். பழைய டிரைவ்ல இருக்கறதை அப்படியே புதுசுக்கு நகல் எடுக்கறது எப்படின்னு சொல்றேன், எழுதிக்கறீங்களா?"

"வேணாம்மா. நீ திரும்பச் சொல்லு. நான் திரும்பக் கேக்கறேன்."

வீடு வரும்வரை 'ஒரு வெட்டு, கவசம் கிடையாது, மேல் பள்ளம்' என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். எதிரே வந்த ஒருவர் வழிவிட்டு ஒதுங்கினார். வீட்டுக்கு வந்து, அவள் சொன்னதை, சொன்ன வரிசையில், சொன்ன இடத்தில் செய்தார். கூடுதலாக எதையும் செய்யவில்லை. தன் யோசனை என்று ஒன்றையும் சேர்க்கவில்லை. வாழ்நாளில் முதல் முறை. திருகாணி போகும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

சுவிட்சைப் போட்டதும் இரண்டு டிரைவும் வந்தன. நகல் எடுத்து முடிந்ததும், முன்பு ஒரு தேநீர் போட்டுக் குடித்து முடிக்கும்வரை ஊர்ந்துகொண்டிருந்த கேம், கண்ணை மூடித் திறப்பதற்குள் விரிந்தது. கோட்டைகள் இருந்தன. வாள்கள் இருந்தன.

"அட" என்றாள் மனைவி. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து வெகு நாளாகியிருந்தது.

"நாளைக்கு முடிவு சொல்றேன்னாரே. அதுக்கு முன்னாடி இன்னைக்கே கொண்டுபோய்க் குடுத்துடறேன். ஓடறதை அவர் கண்ணால பார்க்கட்டும்."

மாலை, நிபுணர் போன் செய்ததும் டிரைவர் வந்தார். நிபுணர் காரின் பின்சீட்டில் கணினியைக் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு மேலாளர் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த மேலாளர் முகம் மலர்ந்தது. "வாய்யா, வாய்யா! முடியலன்னு குடுத்துட்டுப் போக வந்தீங்களா? பரவாயில்ல…"

"ஓடுது சார்!"

"எது?"

அதற்குள் பையன் மாடியிலிருந்து நாலுகால் பாய்ச்சலில் இறங்கி, கணினியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கூடத்து மூலையில் மாட்டிவிட்டான். திரை எரிந்தது. கேம் விரிந்தது. "அப்பா! பறக்குதுப்பா! இனிமே ராத்திரி பகலா ஆடலாம்! அங்கிள், நீங்க வேற லெவல் அங்கிள்!" என்று ஓடிவந்து நிபுணரைக் கட்டிப்பிடித்தான். பிறகு மின்னலாகத் திரைக்குத் திரும்பினான். சாப்பாட்டு மேசையில் தடித்தடியான பாடப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. அவற்றைக் கடந்து ஓடியவன் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேலாளர் மெல்ல சோபாவில் உட்கார்ந்தார். "நீங்களேவா பண்ணீங்க?"

"நானேதான் சார். என் கையால."

"நிஜமாவா? வேற யார்கிட்டயும் குடுக்கலையே?"

"உங்க வீட்டு வேலையை வெளி ஆள்கிட்ட குடுப்பேனா சார்?"

மேலாளரின் மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல ஆளாப் பார்த்துப் பிடிச்சீங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். நிபுணர் அடக்கத்துடன் தலை குனிந்து அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டார். உள்ளே ஒரு பாத்திரம் ஓசையோடு விழுந்தது.

மேலாளர் நிபுணர் பக்கம் திரும்பினார். குரல் தேனாக இல்லை. சாதாரணக் குரலாகவும் இல்லை. நெடுநாள் நம்பியவரிடம் ஏமாந்தவரின் குரலாக இருந்தது.

"அந்தக் கண்ணாடி ரூமைப் பத்தி இன்னொரு தரம் யோசிச்சேன். கணக்குப் பிரிவுக்காரருக்கே குடுத்துடலாம்னு இருக்கேன்."

"சார்?"

"நீங்க கிளம்புங்க."

 'பரவாயில்லை' என்றுகூட மேலாளர் சொல்லவில்லை.

நிபுணர் எப்படி வெளியே வந்தார், எப்படிக் காரில் ஏறினார் என்பது அவருக்கே தெரியாது.  தெருமுனை திரும்பியதும் நிபுணரே தாங்க முடியாமல் முன்சீட்டுப் பக்கம் சாய்ந்தார்.

"நீங்களே சொல்லுங்க. வேலை சுத்தமா இருக்கு. பையன் கட்டிப்பிடிக்கறான். உள்ள இருந்தது ஒண்ணுகூடப் போகல. நான் எதுல தப்புப் பண்ணேன்?"

டிரைவர் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினார். திரும்பி, நிஜமாகவே பரிதாபத்தோடு அவரைப் பார்த்தார்.

"என்ன சார் நீங்க! இத்தனை கடை இருக்க, ஐயா உங்களைத் தேடிப் பிடிச்சுக் குடுத்ததே, பையன் பரீட்சை முடியற வரைக்கும் அந்தப் பெட்டி எழுந்திருக்கவே கூடாதுன்னுதானே!"